குட்டைக்கு வந்த பவானி

கொங்கு நாட்டில் ஒருவருக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்டால் பதில் வெறும் எண்ணாக வராது. வயலா, தோட்டமா, காடா என்பதும் கூடவே வரும். வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தால் வயல். கிணறு வெட்டி இறைத்துப் பாய்ச்சினால் தோட்டம். மழையை மட்டும் நம்பிக் கிடந்தால் காடு. மேட்டாங்காடு என்றும் சொல்வார்கள். மூன்றுக்கும் விலை வேறு. பெண் கேட்டுப் போகும் வீட்டில் கிடைக்கும் மரியாதையும் வேறு. அவிநாசிப் பக்கத்துப் பேச்சில் ‘வயல்’ என்ற சொல்லுக்கு ஏறக்குறைய வேலையே இருந்ததில்லை. தோட்டம் வைத்திருந்தவர் கொடுத்துவைத்தவர். மற்றவர்களுக்கு எல்லாம் காடுதான்.

ஊர் இருக்கும் இடம் அப்படி. வடக்கே பவானி ஓடுகிறது, தெற்கே நொய்யல் ஓடுகிறது, நடுவே முதுகுபோல் எழுந்த மேட்டில் அவிநாசி. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தன் அந்தப்பக்கமே இறக்கிக்கொள்ள, இந்தப்பக்கம் வந்து சேர்வது ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை. கௌசிகா நதி, நல்லாறு என்று ஆற்றுப் பெயர்கள் உண்டு. மழை பெய்த சில நாள் ஓடிவிட்டு, மீதி நாளெல்லாம் மணலும் முள்ளுமாகக் கிடப்பவை அவை.

ஊரின் பழைய பெயர் திருப்புக்கொளியூர். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டுக் கொடுத்த தலம் என்பது தமிழ்நாடு முழுக்கத் தெரியும். இங்கே கதை சொல்கிறவர்கள் ஒரு விவரத்தை மட்டும் விடாமல் சேர்த்துச் சொல்வார்கள். சுந்தரர் வந்து நின்றபோது அந்தக் குளத்தில் பொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் பாடியதும் முதலில் வந்தது தண்ணீர். அதற்குப் பிறகுதான் முதலை, அதன் வாயில் பிள்ளை. வறண்ட குளம் நிறைவதையே அற்புதத்தின் முதல் பாதியாக வைத்துக்கொண்ட ஊர் இது.

அந்தக் குளங்கள் நிறைய வேண்டும் என்று அரசிடம் கேட்டுக் கேட்டு மூன்று தலைமுறை கழிந்தது. அந்தக் கோரிக்கைக்குப் பெயர் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். 1950களின் இறுதியில், காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் பேச்சு தொடங்கியது. 2019 பிப்ரவரி 28 அன்று அவிநாசியில் அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று திட்டம் முறையாகத் தொடங்கியது. பின்தங்கிய பகுதியைக் கைதூக்கிவிட அரசு பணம் ஒதுக்குவது எப்படி நடக்கிறது, எதனால் தள்ளிப்போகிறது, வந்து சேரும்போது ஊர் என்னவாகியிருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வரலாறு தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

கிணற்றிலிருந்து தொடங்க வேண்டும். கோயமுத்தூர் மாவட்டத்தைப் பற்றி 1887இல் விரிவான கையேடு எழுதிய நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி, இந்த மண்ணின் கிணற்று விவசாயத்தைப் பக்கம் பக்கமாகப் பதிவு செய்தார். பாறையைக் குடைந்து இறக்கிய கிணறு. மேட்டிலிருந்து சரிவில் இறங்கி ஏறும் எருதுகள். அவை இழுக்கும் கயிற்றில் தோல் வாய் வைத்த சால். கவலை இறைத்தல் என்பது அதற்குப் பெயர். விடியும் முன்பே எருது பூட்டி, வெயில் ஏறும்வரை இறைத்தால்தான் ஒரு பாத்திக்கு உயிர்த்தண்ணீர். 1932இல் பைகாராவில் நீர்மின்சாரம் வந்தது. கோவையின் பஞ்சாலைகளுக்கு ஓடிய அதே கம்பி தோட்டங்களுக்கும் வந்தது. எருதுகள் இளைப்பாறின. மோட்டார் இறைத்தது. தண்ணீர் கீழே போனது. மோட்டாரைக் கீழே இறக்கினார்கள். தண்ணீர் இன்னும் கீழே போனது. பிறகு ஆழ்துளைக் கிணறு, ஊர்ப் பேச்சில் ‘போர்’. நூறடியில் கிடைத்தது முந்நூறு அடிக்குப் போய், பிள்ளைகள் காலத்தில் ஆயிரம் அடியைத் தாண்டியது. ஆயிரம் அடி துளைத்துப் புகை மட்டுமே கிளம்பிய நாளில் வீட்டில் அடுப்பு எரியாது. நகை அடகு வைத்து ஓட்டிய போர் அது.

குட்டைகளும் குளங்களும் இந்தக் கணக்கில்தான் முக்கியமாகின்றன. அவிநாசிப் பக்கத்துக் குட்டை பார்ப்பதற்குச் சாதாரணப் பள்ளம். நேரடிப் பாசனம் பெரும்பாலும் கிடையாது, மதகு கிடையாது. மழைத்தண்ணீர் சில மாதம் நிற்கும். மாடு குடிக்கும், வண்ணான் துவைப்பான், பையன்கள் குதிப்பார்கள். நிற்கும் தண்ணீர் பாறை இடுக்குகள் வழியே இறங்கிச் சுற்றியிருக்கும் கிணறுகளில் ஊறும். குட்டை நிறைந்தால் கிணறு ஊறும், கிணறு ஊறினால் தோட்டம் தோட்டமாக நிற்கும். குட்டை காய்ந்தால் தோட்டம் மறுபடி காடாகும். திட்டம் கேட்டவர்கள் வாய்க்காலும் நெல்வயலும் கேட்கவில்லை. குட்டையை நிறைத்துத் தாருங்கள் என்றுதான் கேட்டார்கள்.

பக்கத்தில் நடந்ததை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடுதலைக்குப் பிறகு நாடு கையிலெடுத்த முதல் பெரிய பாசனத் திட்டங்களில் ஒன்று கீழ்பவானித் திட்டம். 1955இல் பவானிசாகர் அணை எழுந்தது. ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நீளக் கால்வாய் ஈரோட்டுச் சீமையில் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் தண்ணீர் காட்டியது. நேற்றுவரை காடாக இருந்தது ஒரே பட்டத்தில் வயலானது. அந்தக் கால்வாய் தாழ்ந்த நிலத்தைப் பிடித்துக் கிழக்கே போய்விட்டது. மேட்டில் இருந்த அவிநாசி, அன்னூர், பெருந்துறையின் மேற்குப் பகுதி எல்லாம் வெளியே நின்றன. அணைக்கு மேலே, பவானி மலையிலிருந்து இறங்கும் அத்திக்கடவுப் பகுதியிலேயே உபரித் தண்ணீரைத் திருப்பி மேட்டு நிலத்துக்குக் கொண்டுவரலாமே என்ற யோசனை அப்படித்தான் பிறந்தது. மேலே எடுத்தால் தானாகவே ஓடிவரும், இறைக்க வேண்டியதில்லை. 1960களில் அத்திக்கடவுக்குக் கீழே பில்லூரில் மின்சாரத்துக்காக அணை கட்டினார்கள். பிற்பாடு அதே பில்லூரிலிருந்து கோவை நகருக்குக் குடிநீர் போனது. அவிநாசியின் யோசனை கோப்பில் இருந்தது.

ஆட்சிகள் மாறின. ஆய்வு, அளவை, மதிப்பீடு, மறு மதிப்பீடு. சட்டமன்றத்தில் கேள்வி, அமைச்சரின் பதில். தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் வாக்குறுதி. இந்தப் பகுதியில் ஓட்டுக் கேட்டு வந்த எந்தக் கட்சியும் அத்திக்கடவைச் சொல்லாமல் போனதில்லை.

தாமதத்துக்குப் பொறியியல் காரணம் உண்டு, சட்டக் காரணமும் உண்டு. பவானி காவிரியின் கிளை. காவிரியில் ஒரு சொட்டை எங்கே திருப்பினாலும் கணக்குச் சொல்ல வேண்டும். பவானிசாகருக்கு மேலே எடுத்தால் கீழே இருக்கும் ஆயக்கட்டுக்காரர்கள், தலைமுறை தலைமுறையாக உரிமை பெற்றவர்கள், ஒப்பமாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இவற்றை விடவும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அரசின் வரைபடத்தில் அவிநாசி ஒருநாளும் ஏழை ஊராகத் தெரிந்ததில்லை.

பின்தங்கிய பகுதிகளுக்கு நிதி ஒதுக்கும் திட்டங்கள் மாவட்டத்தை அலகாகப் பிடிப்பது வழக்கம். 2006–07இல் மத்திய அரசு தொடங்கிய பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி நாடு முழுக்க 250 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டில் கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய ஆறு. அந்த மாவட்டங்களுக்கு அது தேவைதான். யாரும் குறை சொல்ல முடியாது. கோவை மாவட்டம் எந்தக் கணக்கிலும் பணக்கார மாவட்டம். பஞ்சாலை, பம்ப் செட், பனியன் என்று புரளும் பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால், அன்னூரில் காய்ந்து கிடக்கும் குட்டை அந்த எண்ணுக்குள் எங்கோ மறைந்துவிடும். 2009 பிப்ரவரியில் திருப்பூர் தனி மாவட்டமானபோதும் இதே கதைதான். ஏற்றுமதிக்குப் பெயர் போன மாவட்டத்தில் மாடு குடிக்கத் தண்ணீர் இல்லை என்று சொன்னால் டெல்லியில் யார் நம்புவார்கள்?

அந்த ஏற்றுமதிச் செல்வமே ஒருவகையில் வறட்சியின் பிள்ளை. கிணறு வற்றிய வீட்டுப் பையன்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். முதலில் கைமடிக்கும் வேலை: சிங்கர் தையற்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்து, எடுத்து, அடுக்கிக் கொடுப்பது. பிறகு ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் ஒரு இடம். சிலருக்கு நாலு மெஷின் போட்டுச் சொந்தமாகப் பவர் டேபிள். ஒரு சிலருக்குக் கம்பெனி. விவசாயத்தின் உழைப்பை அப்படியே மெஷினுக்கு மாற்றிக்கொண்ட இந்தக் குடியானவர்களைப் பற்றி ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் ஒரு முழு நூலே எழுதினார். எங்கள் முதல் எங்கள் உழைப்புதான் என்று திருப்பூர் முதலாளிகள் தன்னிடம் சொன்னதை அவர் ஆராய்கிறார். எல்லோரும் முதலாளி ஆகவில்லை என்பதையும் அந்த நூல் சொல்கிறது. பெரும்பாலோர் சனிக்கிழமைச் சம்பளத்துக்குக் காத்திருப்பவர்களாகவே இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊரில் தோட்டம் காடாகிக்கொண்டிருந்தது. காடு சைட்டாகிக்கொண்டிருந்தது.

இங்கே இன்னொரு குழாயின் கதையைச் சொல்லியாக வேண்டும். பனியனுக்குச் சாயம் போடத் தண்ணீர் வேண்டும், ஏராளமாக. திருப்பூரின் சாயப்பட்டறைகள் சுற்றுக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக வாங்கின. தோட்டத்தில் சோளம் விதைப்பதைக் காட்டிலும் கிணற்றைப் பட்டறைக்கு விற்பது லாபம் என்ற நிலை வந்தது. 1995இல் மாநில அரசும் ஏற்றுமதியாளர் சங்கமும் ஒரு நிதி நிறுவனமும் சேர்ந்து புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தை உருவாக்கின. பவானி ஊருக்கு அருகில் தண்ணீர் எடுத்து, 55 கிலோமீட்டர் குழாயில் கொண்டுவந்து, ஆலைகளுக்கும் திருப்பூர் நகருக்கும் வழியோர ஊர்களுக்கும் கொடுக்கும் திட்டம். செலவு ஏறத்தாழ 1,023 கோடி ரூபாய். தண்ணீர்த் துறையில் அரசும் தனியாரும் கைகோத்த நாட்டின் முதல் பெரிய முயற்சி என்று பெயர் பெற்றது. 2005இல் தண்ணீர் வந்துவிட்டது.

நிறுவனம் தொடங்கியதிலிருந்து பத்தே ஆண்டு. அதே ஆற்றுத் தண்ணீரை, அதே திசையில், அதே மேட்டுக்கு ஏற்றும் வேலைதான். தினம் 18.5 கோடி லிட்டர் அதன் முழுத்திறன். ஓராண்டுக்குக் கணக்குப் போட்டால் 2.3 டி.எம்.சி.க்கு மேல் வரும். குட்டைகளுக்காக விவசாயிகள் கேட்டுக்கொண்டிருந்தது அதைவிடக் குறைவு. முடியாது என்ற பேச்சுக்கே அதன் பிறகு இடமில்லை. தண்ணீருக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் இருந்தால் குழாய் வருகிறது. குட்டை காசு கொடுக்காது.

தொழிலுக்கு வந்த தண்ணீர் என்ன ஆனது என்பதும் இந்தப் பகுதியின் மனதில் ஆறாத புண். சாயக்கழிவு நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று அரசுப் பணத்தில் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயத்தண்ணீர் தேங்கும் தொட்டியானது. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே வழக்குப் போடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை முழுதாகச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அந்தப் பணம் வீண் போகவில்லை. லட்சக்கணக்கானவர்களின் சோறு காப்பாற்றப்பட்டது. ஆனால் தொழில் தடுமாறிய நேரத்தில் அரசின் கை எவ்வளவு சீக்கிரம் நீண்டது என்பதை, அரை நூற்றாண்டாகக் கையேந்தி நின்ற குட்டைக்காரர்கள் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

2016 பிப்ரவரியில் பொறுமை தீர்ந்தது. அவிநாசியில் பந்தல் போட்டுக் காலவரையற்ற உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். முதல் நாள் சில நூறு பேர் வந்து பார்த்தார்கள். நாள் ஏற ஏற ஊர் ஊராக வரத் தொடங்கினார்கள். அன்னூரிலிருந்து, புளியம்பட்டியிலிருந்து, குன்னத்தூரிலிருந்து, பெருந்துறையிலிருந்து. கடையடைப்பு நடந்தது. கட்சிக் கொடி இல்லாமல் கூடிய கூட்டம் அது. விவசாயத்தை விட்டுப் பத்திருபது வருஷம் ஆனவர்களும், டெய்லர்களும், பவர் டேபிள்காரர்களும், கடைக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஊரில் அப்பாவின் கிணறு இருக்கிறது என்ற ஒரே உறவு போதுமாயிருந்தது. உண்ணாவிரதம் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சோர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி வர வரக் கூட்டம் பெருகியது. அப்போதைய முதல்வர் ஜெயலலிதா, விரிவான திட்ட அறிக்கைக்காக 3.27 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தார். பந்தல் பிரிந்தது.

அறிக்கைக்குக் கிடைத்த அந்தத் தொகை, பிற்பாடு ஆன செலவில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அத்தனை ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு திட்டத்தை நகர்த்திய பணம் அது.

திட்டம் பிறகு தலைகீழாக மாறியது. மேலே அத்திக்கடவில் எடுப்பதைக் கைவிட்டார்கள். கீழே, பவானி காவிரியில் கலக்கும் முன், காலிங்கராயன் அணைக்கட்டுக்கு அப்பால் மிஞ்சி ஓடும் உபரியை மட்டும் எடுப்பது என்று முடிவானது. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் கட்டியதாகச் சொல்லப்படும் அந்த அணைக்கட்டைத் தாண்டி வருவது, மேலே இருப்பவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டது போக மீதி. யாருடைய உரிமையிலும் கை வைக்காது. அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. தானாக இறங்கி வந்திருக்கவேண்டிய தண்ணீரை இனி மோட்டார் வைத்து ஏற்றவேண்டும். பவானியில் ஒரு நீரேற்று நிலையம். பிறகு நல்லகவுண்டன்பாளையம், திருவாச்சி, போலநாயக்கன்பாளையம், எம்மாம்பூண்டி என ஒவ்வொரு படியாக ஏறி, ஆறாவதாக அன்னூர். முதன்மைக் குழாய் மட்டும் 100 கிலோமீட்டருக்கு மேல். அதிலிருந்து குட்டை குட்டையாகப் பிரியும் கிளைக் குழாய்களையும் சேர்த்தால் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டும்.

இதை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பவானி மேட்டுப்பாளையத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அங்கிருந்து அன்னூர் சுமார் 20 கிலோமீட்டர். அந்த 20 கிலோமீட்டரைக் கடக்க முடியாத தண்ணீர், பவானிசாகரில் நின்று, கொடிவேரி தாண்டி, காலிங்கராயனைத் தாண்டி, காவிரியைத் தொடப்போகும் இடத்தில் பிடிபட்டு, நூறு கிலோமீட்டர் மேற்கே ஏறி, கடைசியில் அன்னூருக்கு வருகிறது. அத்திக்கடவுக்கும் இன்றைய திட்டத்துக்கும் பெயரைத் தவிர ஒட்டு இல்லை. பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லித்தானே மூன்று தலைமுறை கேட்டது.

மத்திய நிதியை எதிர்பார்த்துக் காத்திருந்த காலம் முடிந்து, மாநில அரசே தன் பணத்தில் செய்வதென்று ஆனது. 1,652 கோடி ரூபாய் என்று அடிக்கல் நாட்டினார் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. எல் அண்ட் டி நிறுவனம் வேலையை எடுத்தது. கொரோனா வந்தது, முதல் நீரேற்று நிலையங்களுக்கு இடையே குழாய் பதிக்க வேண்டிய நிலத்துக்கு இழப்பீட்டுப் பேச்சு இழுத்தது. அரசு மாறியது, வேலை தொடர்ந்தது. அடுத்து முதல்வரான மு.க. ஸ்டாலின் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்தபோது மொத்தச் செலவு 1,916 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. யாருடைய திட்டம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 2025 பிப்ரவரியில் அன்னூர் அருகே பழனிசாமிக்கு விவசாயிகள் நடத்திய பாராட்டு விழாவும், அதற்கு வராமலிருந்த, அப்போது அவருடைய கட்சியின் மூத்த தலைவராக இருந்த செங்கோட்டையனும் மாநில அரசியலில் பெரிய பேச்சானது. ஒரு கட்சி அடிக்கல் நாட்டியதை இன்னொரு கட்சி முடித்துக் கொடுத்தது என்பதே உண்மை. தமிழ்நாட்டில் அது அடிக்கடி நடக்காத நல்ல காரியம்.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது? பொதுப்பணித் துறையின் 32 ஏரிகள், ஊராட்சி ஒன்றியங்களின் 42 குளங்கள், 971 குட்டைகள். ஆக 1,045. கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டங்களில் 24,468 ஏக்கர் பயன்பெறும் என்று அரசு சொல்கிறது. ஆண்டில் 70 நாள், நொடிக்கு 250 கன அடி வீதம், மொத்தம் 1.5 டி.எம்.சி. ஏக்கருக்கு வகுத்தால் ஏழே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல். இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் குட்டையின் பயனை ஏக்கரில் மட்டும் அளப்பது சரியான அளவை ஆகாது. ஆயிரம் அடி போருக்கு ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் கொட்டிய பணத்தை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. கூட்டினால் இந்த 1,916 கோடி பெரிதாகத் தெரியாது.

தண்ணீர் வரும் நாளில் ஒரு குட்டையின் கரையில் நின்றால் திட்டம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். கரையோரம் ஒரு சின்ன கான்கிரீட் மேடை. அதன்மேல் கம்பத்தில் சோலார் தகடு, கீழே ஒரு பெட்டி. எவ்வளவு தண்ணீர் வந்தது, குட்டை எவ்வளவு நிறைந்தது என்று அளந்து கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் வாய் முதலில் காற்றைத் தள்ளும்; இருமுவதுபோல ஒரு சத்தம். பிறகு சேறு கலந்த செம்மண் நிறத்தில் கொஞ்சம். கடைசியில் தெளிந்த தண்ணீர் கொப்பளித்து இறங்கும். காய்ந்து வெடித்த வண்டல் அதைக் குடிக்கும் சத்தம்கூடக் காதில் விழும். வெடிப்புகள் ஒவ்வொன்றாக மூடும். சீமைக்கருவேலங் கட்டைகளைச் சுற்றித் தண்ணீர் ஏறும். முதல் ஆளாக வந்து நிற்பது வெள்ளாடுகள். இரண்டாம் மூன்றாம் நாள் கொக்கு, பிறகு முக்குளிப்பான். மீன் யாரும் விடாமலே வந்துவிடும். அப்புறம் பக்கத்துக் கிணற்றுக்காரர் கல் கட்டிய கயிற்றை இறக்கி ஈரம் எத்தனை முழத்தில் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்.

திட்டம் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, 2024 ஆகஸ்ட் 14 அன்று, திருப்பூருக்கு அருகே இருக்கும் நஞ்சராயன் குளத்துக்கு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. அவிநாசிப் பக்கத்து மழைத்தண்ணீரைத் திரட்டிவரும் நல்லாறுதான் அந்தக் குளத்துக்கு வரத்து. இந்த வட்டாரத்துப் பள்ளங்களுக்கு உலக அளவில் மதிப்பு இருக்கிறது என்று வெளியே இருந்து ஒரு குரல் சொன்னது, இங்குள்ளவர்களுக்குப் பெரிய தெம்பு.

மகிழ்ச்சியோடு ஒரு குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. குட்டை நிறைவதால் முதலில் பயன்பெறுவது கிணறு வைத்திருப்பவர், அதாவது நிலம் வைத்திருப்பவர். கொங்கு நாட்டின் நிலமில்லாத விவசாயக் கூலிகளில் பெரும்பகுதி அருந்ததியர் குடும்பங்கள். பண்ணையத்துக்கு இருந்தவர்களின் பேரப் பிள்ளைகள். தோட்டத்தில் வேலை குறைந்தபோது அவர்கள்தான் முதலில் வெளியேறினார்கள். பனியன் கம்பெனியில் பிசிறு எடுக்கவும் செக்கிங்குக்கும் போனார்கள். 2008 முதல் நூறு நாள் வேலையில் இந்தக் குட்டைகளின் வண்டலை மண்வெட்டியால் வெட்டித் தலைச்சுமையாகக் கரையில் கொட்டியவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள். குழாய் வரும்வரை குட்டையைக் குட்டையாக வைத்திருந்தது அவர்களுடைய உழைப்பு. நிறைந்த குட்டையில் மீன் பிடிக்கும் குத்தகை ஏலம் வரும்போது அவர்கள் கையில் முன்பணம் இருக்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடி செலவிட்ட அரசுக்கு, அந்தக் குத்தகையை ஊரின் நிலமற்ற பெண்கள் குழுக்களுக்கு என்று எழுதிவைக்கப் பைசா செலவாகாது. ஒரு அரசாணை போதும்.

காலமும் கைமாறிவிட்டது. தண்ணீர் கேட்டு முதல் மனு கொடுத்தவர்களின் கொள்ளுப் பேரன்கள் இன்று மெர்ச்சண்டைசர்கள். 2024–25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அவிநாசிச் சாலையோர லைன் வீடுகளில் குடியிருந்து அந்த ஆடைகளைத் தைக்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் ஊரில் வெள்ளத்துக்கோ வறட்சிக்கோ நிலத்தை விட்டு வந்தவர்கள். ஊறிய கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்ச ஆள் தேடினால் சில தோட்டங்களில் இப்போது அவர்கள்தான் கிடைக்கிறார்கள். ஆனாலும் ஊருக்குத் திரும்பி மாடு வாங்கிக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். சோளத்தட்டுக்கும் தீவனப் புல்லுக்கும் மட்டும் தண்ணீர் கிடைத்தாலே பால் காசில் ஒரு வீடு நிற்கும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும்.

இனி ஒரு பிரச்சினை மீதி இருக்கிறது. பட்டியலில் இருப்பது 1,045. பட்டியலில் இல்லாத குளமும் குட்டையும் அந்த வட்டாரத்தில் ஏராளம். பல ஊர்களில் முதன்மைக் குழாய் ஒருவருடைய காட்டுக்கு அடியிலேயே போகிறது. பக்கத்து ஊர்க் குட்டை நிறைகிறது. அவருடைய ஊர்க் குட்டை காய்ந்து கிடக்கிறது. அளவை எடுத்த காலத்தில் விடுபட்டதா, உயரம் ஒத்துவரவில்லையா, கேட்க ஆள் இல்லையா என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு காரணம் சொல்கிறார்கள். விடுபட்டவற்றையும் சேர்த்து இரண்டாவது திட்டம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்துவிட்டது. பவானியில் உபரி இல்லாத ஆண்டில் என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது.

திங்கட்கிழமை காலையில் திருப்பூர் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் நடக்கும். அங்கே வரிசையில் நிற்பவர்கள் கையில் மஞ்சள் பை இருக்கும். பைக்குள் சிட்டா நகலும், கிராமத்தின் புல வரைபடமும், எந்தக் குட்டை எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று சிவப்பு மையில் வட்டம் போட்ட தாளும் இருக்கும். முதல் திட்டத்துக்கு அலைந்தவர்களின் பழைய மனு நகல்களைச் சிலர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். புது மனுவுக்கு அதையே மாதிரியாக வைத்து எழுதுகிறார்கள். குட்டையின் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றினால் போதுமாயிருக்கிறது.